ஏழுமலையின் ஸ்லைடில் நீலக் கூட்டம்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஏழுமலையின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் சேரப்பணஞ்சேரிக்காரர், கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். மூத்திரப்பையில் கேன்சர். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரா வாரம் டியூப் வழியாக பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் விட்டார்கள். ஆள் பற்றாக்குறை, நர்ஸுக்குத் துணையாக நானும் நிற்பேன்.

“இன்னா மேடம், கொயந்தைக்குப் போடற ஊசி மருந்தப் போயி இங்க உடறீங்க? வூட்டுக்குப் போனா இவருக்கு ஜுரமா அடிக்குது” என்பாள் அவர் மனைவி கன்னியம்மா.

மருந்து உள்ளே போனதும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்க வேண்டும். மற்றவர்கள் தவித்துப்போவார்கள். ஏழுமலை சிரிப்பார்.

“லைன்ல நின்னுகினு அடக்கி அடக்கிப் பயகிப்போச்சு மேடம். மாத்தி நிக்க ரிலீவர் வராம சூப்பர்வைசர் வுடமாட்டாரு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இதில் என்னய்யா பெருமை!

மருந்தெல்லாம் முடிந்து மறுபடி பையாப்ஸி எடுத்தார்கள். இதிலும் கேன்சர் இருந்தால் மூத்திரப்பையையே எடுக்க வேண்டும். வயிற்றில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பிரஸ் மெஷினில் எப்படி நிற்பது? அந்தப் பயம் அவருக்கு.

சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றினேன். பார்த்தால் கருநீலத்தில் பொடிப் பொடி செல்கள், திட்டுத் திட்டாக. போச்சு, திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கமே திரும்பாமல் பதாலஜி டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“எதுக்கும்மா மூஞ்சி இப்படி இருக்கு? இதெல்லாம் லிம்போசைட். நோயை எதிர்க்கிற நம்ம ஆளுங்க. பி.சி.ஜி. கூட்டிக்கிட்டு வந்த கூட்டம். கேன்சர் செல் எதுவும் இதுல இல்ல.”

அப்பாடா! அங்கிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன்: ஸ்லைடில் கூட்டத்தைக் கண்டு மிரளாதீர்கள், வந்திருப்பது யார் என்று முதலில் பாருங்கள்.

டாக்டரே வெளியே வந்து சொன்னார். “இப்போதைக்கு பையை எடுக்க வேணாம். ஆனா செக்கப்புக்குத் தவறாம வரணும்.”

“அந்த ஜுரம்லாம் இதுக்குத்தானா சாமி!” என்று கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏழுமலை எழுந்தார். என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேடம், பாத்ரூம் போயாரட்டா? பேரக் கூப்புடுவாங்களோன்னு காலைலேர்ந்து அடக்கிகினு கீறேன்.”

“ஐயோ, முதல்ல போங்க! இங்க ரிலீவர்லாம் வேணாம்” என்றேன்.