தேய்ந்துபோன முத்திரை

பதுளை நீதிமன்ற விறாந்தையில்தான் அவரைப் பார்த்தேன். அவருடைய வழக்கை எடுத்த வக்கீலிடம் நான் குமாஸ்தா. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாச் சமையல்காரராக இருந்தவர். நரைத்த மீசை, தோளில் வெள்ளைத் துண்டு. கைக்கு எட்டியதையெல்லாம் அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த பழைய பித்தளைக் கைத்துப்பாக்கி அவர் குடியிருந்த லயத்து அறையில் இருந்தது. அவசரகாலச் சோதனையில் பொலிஸ் அதைக் கண்டெடுத்தது. கொடுத்த துரைக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தரத் தோன்றவில்லை. துப்பாக்கியைச் செய்தவன் பெயரும் கிரீட முத்திரையும் அதில் இருந்தால் அது வெறும் பழம்பொருள் என்று வாதாடலாம் என்றார் வக்கீல். பொலிஸிடமிருந்து அதை வாங்கிப் பார்த்தேன். வழவழவென்று மின்னியது.

“முத்திரை எங்கேங்க?”

“முந்தி இருந்துச்சுங்கய்யா, கிரீடமும் எழுத்துமா. சனிக்கெழமையானா புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சிருவேன். தொரை திரும்பி வந்து கேட்டா, கறுத்துக் கெடக்கலாமாங்க?”

அடையாளத்தை வேண்டுமென்றே அழித்திருக்கிறார் என்றது பொலிஸ். நீதிமன்றம் அதை நம்பியது. சிறைக்குக் கொண்டுபோக விலங்கை எடுத்தார்கள். அதில் துரு பிடித்திருந்தது. துண்டால் அதை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் அவர் கையை நீட்டினார்.