அண்ணன் தலையில் தடவிய சுண்ணாம்பு

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். மதினி எறிந்த செம்பு பட்ட இடத்தில் முழங்கை வீங்கியிருந்தது. வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. நாகர்கோவிலைக் கடந்தால் வயல், வயலைக் கடந்தால் தென்னந்தோப்பு, அதற்கப்பால் மணக்குடிக் காயல். அங்கே சிப்பி சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்களில் ஆள் எடுப்பார்கள் என்று எப்போதோ கேட்டிருந்தேன். வேறு போக்கிடம் கிடையாது. கையில் மாற்று வேட்டி ஒன்றும் பாளை சீவும் அரிவாள் ஒன்றும் இருந்தன.

உள்ளே அண்ணன் படுத்திருந்தான். அவன் மண்டையைத் திறந்து, மூளையில் வளர்ந்த கட்டியை எடுத்தால் பிழைக்க வழி இருந்தது. திறக்க முடியாதபடி செய்தவன் நான்.

அண்ணன் பனையேறி. முட்டத்துக்குக் கிழக்கே செம்மண் காட்டில் அவனுக்குக் குத்தகைப் பனைகள் இருந்தன. நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டினேன், கொல்லத்தில் முந்திரி மூட்டை சுமந்தேன், எங்கேயும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அந்த வருஷப் பனைப் பருவத்தில் அண்ணனோடு ஒட்டிக்கொண்டேன். அவன் இறக்கும் அக்கானியை, அதாவது பதநீரை, நான் சுமந்துவர, மதினி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள்.

மாசி மாதம் முதலே அண்ணன் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ஒருநாள் காலை பனை மூட்டில் நின்றுகொண்டு கேட்டான்.

“ஏலே, இந்த ரெண்டுல எதுல நேத்து கலயம் கெட்டினேன்?”

அங்கே நின்றது ஒரே பனை. நான் சிரித்தேன். அவன் என் செவிட்டில் அறைந்தான். அதற்கு முன் அவன் என்னை அடித்ததே இல்லை. பிறகு அடிப்பது வழக்கமாயிற்று. மதினியையும் அடித்தான். கள் தலைக்கேறிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். அண்ணன் கள்ளைத் தொடாதவன், அய்யாவழிக்காரன். அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து, நெற்றியில் வெள்ளை மண் இட்டால் சரியாகும் என்றாள் மதினி. மண்ணால் என்ன ஆகும் என்று அவளோடு சண்டை போட்டு, அண்ணனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் இளவயதுக்காரர், வடக்கேயிருந்து வந்தவர், பேச்சில் பாதி மலையாளம். அண்ணனின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார், விரலைத் தொடச் சொன்னார்.

“தலைக்குள்ள ஒரு கட்டி வளருது. இவிடெ எடுக்க முடியாது. வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில மண்டையைத் திறந்து எடுப்பாங்க. நான் கடிதம் தரும். ஒரு வாரத்துக்குள்ள போகணும்.”

“அது எதுக்கு வளருது?” என்று கேட்டேன்.

“உனக்கு என்னா பணி?”

“அக்கானி சொமக்குதது.”

“அப்படியெங்கில் உனக்குத் தெரியும். கலயத்தில சுண்ணாம்பு தேய்க்கல்லெங்கில் அக்கானி என்னாகும்?”

“பொங்கிக் கள்ளாயிரும்.”

“அதுபோலத்தான்.”

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் என்சைம் என்று சில பொருள்கள் உண்டு. இப்போது பாடப்புத்தகத்தில் அதை நொதி என்று போடுகிறார்கள். சர்க்கரையை உடைத்து அணுவுக்கு வேண்டிய பலத்தை எடுப்பது அவற்றின் வேலை. நல்ல சதையில் அந்த வேலை அளவோடு நடக்கும். கட்டியின் அணுக்களில் அளவு கெட்டுப்போகும். அவை சர்க்கரையை வாரித் தின்று, பாதியில் புளிக்கவிட்டு, அந்த வேகத்திலேயே பெருகும். வேறு சில நொதிகள் பக்கத்துச் சதையைக் கரைத்துக் கட்டிக்கு வழி விடுகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள், அது இன்னும் தீர்ந்தபாடில்லை என்றார். கத்தியைத் தவிர வேறு வழி கிடையாது என்றும் சொன்னார். அதை என் காது வாங்கவில்லை. சுண்ணாம்பு என்ற வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன்.

மண்டையை வெட்டச் சம்மதிக்கமாட்டேன் என்றான் அண்ணன். வேண்டாம், மருந்து நம்ம வீட்டிலேயே இருக்கிறது என்றேன். புளிப்பதை நிறுத்தச் சுண்ணாம்பு போதும். பனங்காட்டில் எந்த மடையனுக்கும் தெரிந்த சங்கதி. அவன் தலையை நானே மழித்தேன். கலயத்துக்குக் குழைக்கிற பதத்தில் சுண்ணாம்பைக் குழைத்து, கலயத்துக்குத் தேய்க்கிற அதே நார்ச் சவுரிமட்டையால் கனமாகத் தேய்த்து, ஈரத்துணி சுற்றினேன்.

மதினி அடுப்படியில் நின்று பார்த்தாள்.

“அய்யா மண்ணு ஆகாதுன்னு சொன்ன வாயி, இப்ப சுண்ணாம்பு தேய்க்குதாக்கும்?”

“இது டாக்டர் சொன்னது. ஒனக்கு என்ன தெரியும்?”

பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் குளுமையாக இருக்கிறது என்றான் அண்ணன். இரண்டாம் நாள் எரிகிறது என்றான். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள் என்றேன். மேலே இன்னொரு பூச்சு போட்டேன். மூன்றாம் நாள் துணியைப் பிய்க்கப் பார்த்தான். பனைநார்க் கயிற்றால் அவன் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். என் அம்மையையும் சேர்த்து ஏசினான். அவனுக்கும் அவள்தான் அம்மை. ஆறாம் நாள் நாற்றம் தாங்காமல் மதினி என்னைத் தள்ளிவிட்டுத் துணியை அவிழ்த்தாள். துணியோடு தோலும் வந்தது.

திரும்பவும் அதே டாக்டர். புண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொறுமையெல்லாம் போய்விட்டது.

“யாருடா இது செய்தது?”

“நான்தான். நீங்க சொன்னதுதானே?”

“உனக்கு விளங்கறதுக்குச் சொன்னேன். சிகிச்சையா சொன்னேன்?”

“வெளங்கினதுனாலதான் செஞ்சேன்.”

“கலயத்தில எவிடெ தேய்க்கும்? உள்ளேயா, வெளியேயா?”

கலயத்துக்கு உள்பக்கம்தான் தேய்ப்போம். அக்கானி அங்கேதான் விழும். அண்ணனுக்கு நான் வெளிப்பக்கம் தேய்த்திருக்கிறேன். நடுவே ஒரு மண்டையோடு இருக்கிறது. ஆறு நாளில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை.

உள்ளேயே தேய்க்க முடிந்தாலும் கட்டியோடு மூளையும் வெந்துபோகும் என்றார். அழுகிய தோலைக் கீறி மண்டையைத் திறந்தால் சீழ் உள்ளே இறங்கும். எந்த டாக்டரும் தொடமாட்டார். புண் ஆற மூன்று வாரம் வேண்டும்.

“கட்டி மூணு வாரம் காத்திருக்குமா?” என்று மதினி கேட்டாள். அவர் மருந்துத் துணியை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். கண் அதற்குள் பாதி போயிருந்தது.

“ஏலே, கலயத்துக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியலியா ஒனக்கு?”

“கலயம் ஒன்னைப்போல ஏசாது” என்றேன்.

அப்போதுதான் செம்பு வந்தது.

“போலே! இனி இந்த வாசல்ல ஒன்னைக் கண்டேன், கழுத்தை நெரிச்சுப் போடுவேன். ஒனக்கென்ன, நாளைக்கு வேற ஊரு. அறுக்கப்போறது என் தாலி!”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனாலேயே அவள்மேல் ஆத்திரமாக இருந்தது. டாக்டர்மேலும் ஆத்திரம். ஆறாம் வகுப்புக்காரனுக்கு அரைகுறையாக எதற்கு விளக்க வேண்டும்? பாதி தூரம் வரை அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். மீதி தூரம் மூன்று வாரத்தை நாளாக்கி எண்ணிக்கொண்டு நடந்தேன். இருபத்தொன்று.

அதன்பின் நடந்ததெல்லாம் பிற்பாடு காளவாய் வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும். பதினெட்டாம் நாள் அண்ணன் இறந்தான். புண் ஏறக்குறைய ஆறி, ஓரத்தில் முடி முளைக்கத் தொடங்கியிருந்ததாம்.

ஆஸ்பத்திரியை விட்டு நடந்த மறுநாள் காலை காளவாய் மேஸ்திரி முன் போய் நின்றேன். என் அரிவாளைப் பார்த்தார்.

“பனையேறியா? இங்க என்னலே வேலை? சுண்ணாம்பு தொட்டிருக்கியா?”

“தொட்டிருக்கேன்.”

“மேல பட்டா என்ன செய்யும்?”

“மொதல்ல குளுரும். பெறகு தோலு உரியும்.”

“தெரிஞ்ச பயதான்” என்று சிரித்தார். “சிப்பி வாருதியா, சலிக்கியா? நெழல் வேணும்னா சலி.”

ஒற்றைமாட்டு வண்டி ஒன்றில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். வாரம் இரண்டு நடை வடசேரிச் சந்தைக்கு என்றார். ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போக வேண்டும்; வண்டிக்காரன் அண்ணனை விசாரித்துவந்து சொல்வான்.

“மூட்டை ஏத்துதேன்” என்றேன்.

“அது முதுகைத் தின்னுபோடும்லே.”

“தின்னட்டும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன்.