கோப்பில் இருந்த என் பெயர்

கணினி ஆய்வகத்தின் பெரிய திரையில், என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சீனியர் அண்ணனின் பெயர் இருந்த அந்த மதியத்தை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை. அப்போது பெரம்பலூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விழாவுக்காக, கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் ஒரு கணினி விளையாட்டில், எங்கள் துறையினர் முப்பது பேர் ஒரே சர்வரில் இணைந்து கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைக் கட்டினோம். சர்வர் அந்த அண்ணனின் பொறுப்பில் இருந்தது.

அந்த விளையாட்டில் கோயில் கல் கிடையாது. இல்லாததைச் சேர்க்கும் சிறு நிரலை மாட் என்பார்கள். அரியலூரில் பஸ் மாறிப் போய், கோயில் சுவரைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பதினேழு வகைக் கற்கள் கொண்ட மாட் ஒன்றைச் செய்தேன். நிறுவும் முறையையும் எழுதி சர்வர் மேசையருகே சுவரில் ஒட்டினேன்: முதலில் காப்புப் பிரதி எடு, சர்வரை நிறுத்து, கோப்பை மாற்று, எல்லோரிடமும் அதே பதிப்பு இருக்கிறதா பார், எச்சரிக்கை வந்தால் முழுக்கப் படி.

"ஏம்மா, இது சர்வரா, சத்துணவுக் கூடமா? சுவத்துல பட்டியல் ஒட்டி வச்சிருக்க" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விழாவன்று மூன்று மணிக்குத் துறைத்தலைவர் வருவதாக இருந்தது. அதற்கு முன் அண்ணன் மாட் கோப்புகளைத் திறந்து, என் பெயர் வரும் இடங்களிலெல்லாம் தன் பெயரைப் போட்டார். "எல்லாம் டீம் வேலைதானம்மா. யாராவது ஒருத்தர் பேரு இருக்கணும்ல."

ஒவ்வொரு கல்லின் அடையாளமும் என் பெயரில்தான் தொடங்கும். அதை மாற்றினால், கட்டிய கல் எதுவும் சர்வருக்கு அடையாளம் தெரியாது. அந்த இடத்தை வெறுமையாக்கிவிடும். எனக்குத் தெரியும். சர்வரும் கேட்டது: இத்தனை பொருள்களைக் காணவில்லை, தொடரலாமா? அவர் படிக்காமலே சம்மதம் தட்டினார். இரண்டு நாற்காலி தள்ளி நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் போய், வெறும் புல்தரை நின்றது.

"ஏய், உன்கிட்ட பேக்கப் காப்பி இருக்கும்ல?"

"இருக்குண்ணா. காலையில ஒம்பது மணிக்கு எடுத்தது."

"போடும்மா சீக்கிரம்!"

"அதுல கோயில் மட்டுந்தான் இருக்கு. கோப்புல எம்பேரு இருந்தாத்தான் ஓடும். நீங்களே மாத்துங்கண்ணா."

முப்பது பேர் பார்க்க, பெரிய திரையில் தன் பெயரை அழித்து என் பெயரைத் தட்டினார். கல்லுக்கு ஒரு கோப்பு; நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவசரப்படவில்லை. "அடுத்ததுண்ணா." பதினேழு தடவை. பின்னாலிருந்து ஒருவன், "அண்ணே, இன்னும் எத்தன?" என்றான். அவர் காது சிவந்தது. அது எனக்கு இனித்தது. சர்வர்களைப் பராமரிப்பதே வேலையாகிவிட்ட இன்றும் இனிக்கிறது. கோயில் திரும்ப எழுந்தது. மூன்று மணிக்கு வந்த துறைத்தலைவர் "யாரு செஞ்சது?" என்றபோது அண்ணனே என்னைக் கைகாட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு, வேப்பந்தட்டையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி திரையருகே நின்று தேடினாள். "என் நந்தி எங்கடி?"

ஒன்பது மணிக்குப் பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவள் கட்டியது. பிரதியில் அது இல்லை.

"அவரு மாத்துறப்ப நீ பக்கத்துலதான இருந்த? பாத்துக்கிட்டா இருந்த?"

மறுநாள், சேர்ந்து திரும்பக் கட்டலாம் என்று கூப்பிட்டேன். "வேணாம். உன் கல்ல நீயே வச்சுக்க" என்றாள். அண்ணனுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அவள் கேட்டதற்குத்தான், ஆமாம் என்ற பதிலை இன்னும் சொல்லவில்லை.