ஆயாவுக்கு இருந்த அபிஷேகம்

எலும்பு முறிவு வார்டில் இருபத்தாறு வருடம் ஆயாவாக இருந்தவளை எல்லோரும் எண்ணெய்க்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அவள் வேலை. புரட்டும்போது காய்ந்த தோலில் எண்ணெய் தடவுவாள். தடவும்போது மெல்ல ஜெபிப்பாள். மூன்றையும் தனித்தனியாகச் செய்ய அவளுக்குத் தெரியாது.

அதில்தான் வந்தது வினை. அவள் போகும் சபையின் செயலாளர் இடுப்பெலும்பு உடைந்து அந்த வார்டில் வந்து படுத்தார். அவருக்குப் பூசி ஜெபிக்கப் பாஸ்டர் எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றார்.

"அக்கா காலையிலயே பூசி ஜெபிச்சுட்டாங்க பாஸ்டர். வலி அடங்கியிருக்கு. நீங்க சும்மா உக்காந்து பேசிட்டுப் போங்க" என்றார் செயலாளர்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். பாஸ்டரின் முகம் சுண்டிப்போனது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். எண்ணெய் பூசி ஜெபிக்க தேவன் தரும் அபிஷேகம் வேண்டும், அது ஊழியக்காரனுக்கு உரியது, கண்டவர்களும் கைவைக்கக் கூடாது என்றார்.

"விசுவாசிக்கிற எல்லாருக்கும் அபிஷேகம் உண்டுன்னு வேதத்துல இருக்கே ஐயா."

"எனக்கே வேதம் சொல்லித் தர்றியா?"

மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். அதற்குப் பிறகு வார்டில் வாய் திறக்காமல் எண்ணெய் தடவினாள்.

அதிலிருந்து ஏழாவது மாதம் அவளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். கடைசி வாரத்தில், பாஸ்டர் வந்து தனக்கு எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மகள் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் "பாக்கலாம்மா." வரவில்லை. சரி, நாமே பூசுவோம் என்று மகள் புட்டியைத் திறந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அப்புறம் உன்னையும் முன்னால நிறுத்தி வைப்பாங்க."

காய்ந்த நெற்றியோடு போய்ச் சேர்ந்தாள்.

மகள் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். சபையின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு ஆராதனையையும் பதிவுசெய்து, தேதி போட்டு வைப்பாள். அந்த ஞாயிற்றின் பதிவில் அம்மா மன்னிப்புக் கேட்ட இடம் பதினோராவது நிமிடம், நாற்பதாவது வினாடி. அவளுக்கு மனப்பாடம்.

நினைவு ஆராதனையில் பாஸ்டர் உருகினார். "அடக்கமான சகோதரி. ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவங்க."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. தெரியாம பண்ணிட்டேன். இனிமே யாருக்கும் பூசி ஜெபிக்க மாட்டேன்."

செத்தவளின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் வந்தது. அம்மாவை இரண்டாவது தடவை தலைகுனிய வைக்கிறோம் என்று மகளுக்கு உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நிறுத்தும்மா! இறந்தவங்கள இப்படியா அவமானப்படுத்துறது?"

"அத நீங்க அப்பவே பண்ணிட்டீங்க. இப்ப சொல்லுங்க ஐயா, எங்கம்மாவுக்கு அபிஷேகம் இருந்துச்சா, இல்லையா?"

செயலாளர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எனக்குப் பூசின கை அது. பதில் சொல்லுங்க பாஸ்டர்."

பாஸ்டர் மைக்கை விட்டு விலகி ஏதோ முணுமுணுத்தார்.

"மைக்கில" என்றாள் மகள்.

"இருந்துச்சு."

"அவங்கள நிக்க வச்சது?"

"தப்பு. என் தப்பு."

இரண்டும் பதிவாயின. மகள் பதிவுக் கோப்பை மூடித் தேதி போட்டாள். கூட்டம் கலைந்தபின், அவள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பாஸ்டர் தனியாக வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல. எங்கம்மாவா இருந்தா மன்னிச்சிருப்பாங்க" என்றாள். "அவங்களுக்கு அபிஷேகம் இருந்துச்சு."