லா ஷப்பலில் மெடிசின் கிடைத்த கதை

மருத்துவம் முதலாம் ஆண்டு படிப்பதும் ஒரு தொழில்தான். லீவு இல்லை, சம்பளம் இல்லை, இரண்டு தரத்துக்கு மேல் ஆளை வைத்திருக்கவும் மாட்டார்கள். எண்பதுகளின் நடுவில் பாரிஸில் அந்தத் தொழில் பார்த்தவள் நான். கொங்கூர் என்கிற போட்டிப் பரீட்சையின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் நித்திரை போய்விடுகிற, என்னோடு படித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

உள்ளே போனதற்குக் கேக்

இலங்கையில், எங்கள் ஊரில், கம்பஸுக்குள் நுழைவதுதான் கஷ்டம். தரப்படுத்தல் என்று சொல்லி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டி, கெட்டிக்காரரையே வாசலில் மறித்து வைத்தார்கள். அதனால் "மெடிசின் கிடைச்சிட்டுது" என்றால் எங்கள் சனத்துக்கு டொக்டர் ஆனமாதிரித்தான். பிரான்சில் கதை தலைகீழ். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை பாஸ் பண்ணிய எவரும் மருத்துவத்துக்குப் பதியலாம். வருஷ முடிவில் கொங்கூர் வைத்துப் பெரும்பாலானவர்களைக் கழித்துவிடுவார்கள். இரண்டு தரம் தவறினால் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமுடியாது.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அவ கேக் அடித்துவிட்டா. நான் பதிந்துவிட்டு வந்த அன்று பின்னேரமே பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லா ஷப்பலில் இருந்த தமிழ்க் கடைகளுக்கெல்லாம் துண்டு போய்விட்டது. அப்பா தான் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரண்டில் முதலாளி வரைக்கும் சொல்லிவிட்டார். பலசரக்குக் கடைக் குணம் அண்ணைக்காவது உண்மை தெரியட்டும் என்று, இது வெறும் பதிவுதான், மிச்சம் பரீட்சைக்குப் பிறகுதான் என்று நின்று விளக்கினேன். அவர் கேக்கை மென்றபடி சொன்னார்: "உள்ளுக்கை விட்டிட்டாங்கள்தானே பிள்ளை. பிறகென்ன, கழுத்தைப் பிடிச்சு வெளியிலை தள்ளவே போறாங்கள்?"

பக்கத்துக் கதிரை

விரிவுரை மண்டபத்தின் பின்வரிசைகள் இரண்டாம் தரம் படிப்பவர்களுடையவை. பாடத்தை அவர்கள் போன வருஷமே கேட்டுவிட்டார்கள். ஆகவே எங்களைக் கேட்கவிடாமல் செய்வதுதான் அவர்களுக்கு வேலை. கத்துவார்கள், பாடுவார்கள், கடதாசி றொக்கற் விடுவார்கள், ஒருநாள் கோதுமை மாவே பறந்தது. எனக்கோ பிரெஞ்சு அமைதியாகச் சொன்னாலே பாதிதான் ஏறும். முன்வரிசையில் இடம் பிடிக்கச் சாப்பிடாமல்கூட ஓடியிருக்கிறேன்.

பக்கத்தில் வழக்கமாக இருப்பவள் கிறிஸ்தீன். நல்ல பிள்ளை, ஆனால் முழங்கையால் கொப்பியை மறைத்துக்கொண்டுதான் எழுதுவாள். ஒருநாள் சத்தத்தில் தவறிப்போன ஒரு சொல்லை அவளிடம் கேட்டேன். உண்மையான கவலையோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னித்துக்கொள். கொங்கூர் முடிந்த பிறகு நாங்கள் சிநேகிதிகளாக இருக்கலாம்."

இருமலுக்கு மருந்து

முதலாம் ஆண்டில் பௌதிகமும் இரசாயனமும்தான் மண்டையைப் பிளக்கும். நோய், வருத்தம் என்ற பேச்சே வராது. அதை எங்கள் சனத்துக்கு யார் சொல்வது? தடிமன், முழங்கால் உளைவு, பிள்ளை சாப்பிடுதில்லை, எல்லாம் என்னிடம் வரும். பாரிஸுக்கு வெளியே திரான்சியில் இருந்த செல்வம் அண்ணை அப்பாவோடு வேலை செய்பவர். இருமலுக்குப் பிரெஞ்சு டொக்டர் கொடுத்த மருந்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளை மெழுகில் செய்த, சின்னவிரல் நுனி போன்ற குளிசைகள். ஒரு கிழமையாக வெறுந்தேத்தண்ணியோடு விழுங்குகிறாராம்.

எனக்கும் அது புதிது. மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். அங்கே நின்ற பிரெஞ்சுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது வாயால் போகிற மருந்தல்ல, பின்பக்கமாக வைக்கிறது என்றா. இந்த நாட்டில் இருமலுக்கும் அப்படிக் கொடுப்பார்களாம். அதை அப்பாவின் வயதுடைய ஒரு மனிசனுக்கு எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். "தொண்டையிலை வழுக்கேக்கையே நினைச்சனான். ஆனால் பிள்ளை, இருமல் நிண்டிட்டுது. இனி ஏன் வழியை மாத்துவான்?"

நடந்து நடந்து படித்தது

முதல் தரம் தவறினேன். மயிரிழையில் என்று பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே தவறினேன். அம்மா கொஞ்சநாள் மரக்கறி வாங்கக்கூட லா ஷப்பல் பக்கம் போகவில்லை. பிறகு பாரிஸ் பிள்ளையார் கோயிலில் நேர்த்தி வைத்தா. பிள்ளையாரும் பாரிஸுக்கு வந்த புதிசு. கொங்கூர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்பது எனக்குச் சந்தேகம்.

இனி ஒரே ஒரு தரம்தான். அந்த நினைப்பு என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. கதிரையில் குந்தினால் ஒரு வரி ஏறாது. குசினியிலிருந்து யன்னல் வரை, யன்னலிலிருந்து குசினி வரை நடந்து பாடமாக்கினேன். எங்களுடையது பலகைத் தரை. கீழ்வீட்டு மதாம் முதலில் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையைத் தட்டினா, பிறகு படியேறியே வந்துவிட்டா. "மத்மொஸேல், உட்கார்ந்திருந்து படித்தால் மூளைக்குள் போகாதா?"

சுகந்தியின் பிள்ளை

இரண்டாவது கொங்கூருக்குச் சில நாட்களே இருந்தன. புறநகரான ஸ்தேனில் இருந்த, எங்களுக்குத் தெரிந்த சுகந்திக்குக் காலையில் பிள்ளைப்பேற்று வலி தொடங்கிவிட்டது. புருஷன் வேலைக்குப் போய்விட்டான், அவளுக்கு போன்ஜூருக்கு மேல் பிரெஞ்சு தெரியாது. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க நான் வரவேண்டுமாம். எனக்கு வந்தது கோபம். ஏலாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் சப்பாத்தை எடுத்து முன்னால் வைத்தா.

உயிர் இரசாயனக் கொப்பியையும் கொண்டுதான் போனேன். மருத்துவிச்சி பிரெஞ்சில் சொல்ல, மூச்சை இழு, விடு, இப்ப முக்காதை என்று நான் தமிழில் சொன்னேன். வலி விட்ட நேரமெல்லாம் கொப்பியைப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் நின்றபோதுதான், அம்மாவுக்காகவோ சனத்துக்காகவோ இல்லை, எனக்கே இந்த வேலை வேண்டும் என்று பட்டது. வேறொன்றும் வேண்டாம் என்றும் பட்டது. சுகந்தி என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள். கொப்பியைக் கண்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் படியுங்கோ அக்கா. வலி வந்தால் நான் கத்துவன்தானே, அப்ப என்னைப் பாருங்கோ."

பெயர் கூப்பிட்ட நாள்

இரண்டாம் தரம் பாஸ். துள்ளாதீர்கள், நானும் துள்ளவில்லை. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் ஒரே கொங்கூர்தான். எடுத்த இடத்தின்படி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள், எது வேண்டும் என்று எழும்பிச் சொல்லவேண்டும், இருக்கிற இடங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். எனக்கு முன்னால் எழும்பியவர்கள் எல்லாரும் மருத்துவம், மருத்துவம் என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவராவது பல் என்று சொல்லட்டும் என்று கதிரை நுனியில் இருந்து வேண்டினேன். ஒரு பெடியன் சொன்னான். அவனைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் அவன் ஒருவன்தான்.

என் பெயர் வந்தது. மைக்கில் இருந்த பெண், சந்தையில் வாளைமீன் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னா: "மருத்துவம் முடிந்துவிட்டது, மத்மொஸேல். பல் இருக்கிறது. கெதியாகச் சொல்லுங்கள், பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்."

அம்மாவின் கேள்வி

பல் என்று சொன்னேன். மெத்ரோ எடுக்காமல் வீடு வரைக்கும் நடந்தேன், வழியெல்லாம் அழுதேன். அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. நடந்ததைச் சொன்னதும் அவர் எழும்பிப் போய் யன்னலோரம் நின்றுகொண்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடுவார்களா? போடுவார்கள் என்றேன். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னா: "பிறகேன் அழுகிறாய்? ஆரும் கேட்டால் டொக்டர் எண்டு சொல்லு. உடம்பிலை எந்த இடத்துக்கு டொக்டர் எண்டு நாங்களாய்ச் சொல்லத் தேவையில்லை."

ஆக, சகபாடிகளே, மருத்துவம் கிடைக்காத அந்தக் கவலை எனக்கு இன்றைக்கும் போகவில்லை. ஆனால் பல்லைக் காட்ட என் முன்னால் வந்து படுக்கிறவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடியே கிடப்பதால், அதைப்பற்றிக் கேட்க ஒருவராலும் முடிவதில்லை.