உப்புத் தண்ணீரில் மிதந்த பகடை

விளையாட்டுக்கான இருபது முகப் பகடைகளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்து இணையத்தில் விற்கிறேன். மண்டைக்காட்டுக் கடற்கரையின் கருமணல் கலந்தவற்றுக்குத்தான் கிராக்கி அதிகம்.

அதில் ஒன்றை வாங்கிய கல்லூரி மாணவி ஜெபி, ஒருநாள் கருங்கல் ஊரில் உள்ள என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் பகடையில் அடிக்கடி இருபது விழுந்து அவளே ஜெயிப்பதால், ஏமாற்றுகிறாள் என்று தோழிகள் அவளை ஆட்டத்தில் சேர்ப்பதில்லையாம்.

“பைசாவைத் திருப்பித் தரட்டா?” என்றேன்.

“பைசா வேண்டாம் அக்கா. நான் கள்ளி இல்லன்னு அவளுவகிட்ட ஒருக்கா சொல்லுங்க, போதும்.”

பகடையை உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டேன். எப்படிப் புரட்டிவிட்டாலும் இருபதே மேலே வந்து நின்றது. ரெசின் இறுகும் முன்பே கனமான மணல் எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கிறது. பொறியியல் படித்த நான், பளபளப்பை மட்டுமே சோதித்து விற்றிருக்கிறேன்.

மறுநாள் அவள் தோழிகள் முன்னால் அதையே மிதக்கவிட்டுக் காட்டி, தவறு என்னுடையது என்றேன்.

ஒருத்தி ஜெபியின் தோளில் இடித்தாள். “ஏட்டி, இதை முந்தியே சொல்லப்பிடாதா?”

“நான் கள்ளி இல்லன்னு சொன்னேனே. நீங்க கேட்டியளா?”

மணல் பகடை வாங்கிய எல்லோருக்கும் அன்றே எழுதினேன். ஜெபியைப் போல என்னைத் தேடி வராமல், ஏமாற்றுக்காரர் என்ற பெயரோடு ஒதுங்கிப்போனவர்கள் யாரேனும் உண்டா என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.