இரண்டு வில் வைத்திருக்கும் லைல்

பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கொல்லைக் கோடியில் இருக்கும் வைக்கோல் கட்டைப் பார்த்து ஓர் அம்பு விடுகிறார் லைல் மத்திலா. அது குட்டை வில்லில். பிறகு எழுந்து, அந்த வில்லைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு, நெட்டை வில்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாளிக்கு வருகிறார். அடுத்த அம்பு அதில். இரண்டு அம்பையும் பிடுங்கப் போகும்போது தலையை ஆட்டிக்கொண்டே போவார், திரும்பி வரும்போதும் ஆட்டிக்கொண்டே வருவார். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிற எனக்கு, அவர் எந்த வில்லை ஒப்புக்கொண்டு தலையாட்டுகிறார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

லைலுக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற வேலை. ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம். லைல் சொந்த வண்டியிலும் அப்படித்தான் கடப்பார். சுரங்கத்துக்குப் போகிற பாதையில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப்போய்ப் பல வருஷமாகிறது, அங்கேயும் நிற்பார். "ரயில் வந்தா நான் சொல்றேன், நீ ஓட்டு" என்பாள் அவர் மனைவி கோரின். அவர் ஜன்னலை இறக்கிக் கேட்டு முடித்த பிறகுதான் வண்டி நகரும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புகிற மனிதர். அணைத்திருக்கிறது என்று பார்த்த பிறகும் முகம் தெளியாது.

இப்படிப்பட்டவர் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகாத வீடு என்றால் என்னுடையது ஒன்றுதான். நான் கறி கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஜாதி. மற்றவர்கள் துப்பாக்கியும் கப்பி வைத்த புதுமாதிரி வில்லும் கொண்டு போகிறார்கள். லைல் மாதிரி நாலைந்து பிடிவாதக்காரர்கள் மட்டும் கப்பியும் இல்லாமல் குறிபார்க்கும் முள்ளும் இல்லாமல் வெறும் மரவில்லோடு போகிறார்கள். அவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. வில் குட்டையாக இருக்க வேண்டுமா, நெட்டையாக இருக்க வேண்டுமா?

மானுக்காக லைல் காத்து உட்கார்கிற இடம் தேவதாரு மரங்கள் நெருக்கி நிற்கும் சதுப்புக் காடு. அங்கே குட்டை வில்தான் சௌகரியம். கிளைக்கு அடியில் நுழைத்துத் திருப்பினாலும் இடிக்காது. ஆனால் லைலுக்குக் கை நீளம், எந்தச் சட்டை போட்டாலும் மணிக்கட்டு வெளியே தெரியும். அவர் இழுக்கிற இழுப்புக்குக் குட்டை வில்லின் நாண் கூராக மடிந்து விரல்களைக் கவ்விக்கொள்ளும். விடுகிற கணத்தில் ஒரு விரல் பிசகினாலும் அம்பு தன்பாட்டுக்குப் போகும். நெட்டை வில்லோ மெத்தென்று இழுபடும், சின்னப் பிசகை மன்னிக்கும். அதற்கு வேறு கோளாறு: வாளியில் உட்கார்ந்து இழுத்தால் கீழ்முனை தரையில் தட்டும், மேல்முனை கிளையில் மாட்டும். மானுக்கு அந்தச் சின்னச் சத்தம் போதும்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் குட்டை வில்லோடு போனார். ஒரு பெண்மான் வந்தது. நாண் விரலைக் கவ்வியது. அம்பு நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றில் பாய்ந்தது. வயிற்றில் பட்ட மான் ஓடிப்போய்ப் பக்கத்திலேயே எங்காவது படுத்துக்கொள்ளும். அரைநாள் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் படுத்த இடத்திலேயே அடங்கிவிடும், பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம். இது இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை ரத்தத் தடத்தை அழித்துவிடுமே என்று பதறி லைல் உடனே பின்னால் போனார். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. அவர் துரத்தத் துரத்த அது சதுப்பின் உள்ளே உள்ளே போய், பிறகு தடமே இல்லை. அந்த வாரம் முழுக்க சதுப்புக்கு மேலே அண்டங்காக்கைகள் வட்டம் போட்டன. பேருந்திலிருந்தே அது தெரியும். தினமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினார்.

அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் கடை மாட்டுக்கறிதான். இன்னொரு மான் தன் கையால் அப்படி வதைபட்டுப் போனால் இரண்டு வில்லையும் அடுப்பில் வைத்துவிடுவேன் என்று கோரினிடம் சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிற ஆள். வேட்டை இல்லாத லைலை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை. வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அவர் எதையும் திரும்பிப்போய்ப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிற மாதம்.

ஆகவே கோடை முழுக்க ஆராய்ச்சி. வாளியின் உயரத்தை மாற்றினார், விரலுறையை மாற்றினார். நெட்டை வில்லைத் தட்டை ஏந்துவதுபோலச் சாய்த்துப் பிடித்தால் கீழ்முனை தரைக்குத் தப்பும் என்று கண்டுபிடித்தார். அது சத்தமில்லாமல் நடக்கிறதா என்று சோதிக்க, கோரினைக் கொல்லைப் படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு அவள் பின்னாலிருந்து வில்லை இழுப்பார். கேட்டால் அவள் கை தூக்க வேண்டும். "நான் மானா இருந்தா எப்பவோ சிரிச்சுக் காட்டிக் குடுத்திருப்பேன்" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கையில் பின்னிக்கொண்டிருந்த காலுறையைப் பாதியில் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

பெட்ரோல் பங்கில் காபி குடிக்கிற கூட்டத்திலும் இதே பேச்சு. டயர் கடை வைத்திருக்கிற ஹார்லன் குட்டை வில் கட்சி. லைல் நாண் மடிகிற கோணத்தைப் பற்றி ஒரு காலை நெடுநேரம் விளக்கிக்கொண்டிருக்க, ஹார்லன் பொறுமை இழந்துவிட்டார்.

"லைல், வில்லு குட்டையோ நெட்டையோ, அம்பு யாருக்கும் தவறும். எனக்கும் தவறியிருக்கு. அப்புறம் அரைநாள் உன்னால சும்மா உக்கார முடியல பாரு, அதுக்கு எந்த வில்லுய்யா மருந்து?"

இந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாத பேச்சு அது. லைல் காபியை ஒரு வாய் குடித்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு நாணின் கோணத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்கு ஹார்லன்மேல் கோபம் வந்தது, சரியாகச் சொன்னதற்காகவே வந்த கோபம்.

வேட்டைப் பருவம் திறப்பதற்கு முந்தின நாள் வேலி ஓரமாக வந்து நின்றார் லைல். நாளைக்கு நான் கூட வர முடியுமா என்று கேட்டார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை. எனக்கு இருமல் உண்டு, எதற்கு நான் என்றேன். "சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் குடையவில்லை.

விடிந்தும் விடியாமலும் வண்டியை நிறுத்தினோம். பின்னிருக்கையில் இரண்டு வில்லும் கம்பளி சுற்றிப் படுத்திருந்தன. நெட்டையை எடுத்தார். கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்து அதை வைத்துவிட்டுக் குட்டையை எடுத்தார். நாணில் விரலை வைத்துப் பார்த்தார். அதையும் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது ஒண்ணைத் தூக்குய்யா. நீ முடிவு பண்றதுக்குள்ள மானுக்கு வயசாகிப்போகும்" என்றேன். அவர் நெட்டையை எடுத்துக்கொண்டு இந்தத் தடவை விறுவிறுவென்று நடந்தார். திரும்பிப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயம்போல.

சதுப்பின் ஓரத்தில் அவர் வாளியில் உட்கார, நான் பின்னால் ஒரு மரத்தடியில் சாய்ந்துகொண்டேன். இருமலை அடக்கியே எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காலை வெயில் மர உச்சியைத் தொட்டபோது மான் வந்தது. தலையைத் தாழ்த்தி, காதை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, பெண்மான். லைலின் தோள் மெதுவாக விரிந்தது. வில்லைச் சாய்த்துப் பிடித்திருந்தார். கீழ்முனை எதையும் தொடவில்லை, மேல்முனையும் தொடவில்லை. நாண் ஒலித்தது. மான் ஒரு துள்ளுத் துள்ளி, மரங்களை மோதிக்கொண்டு ஓடி, சட்டென்று எல்லாம் அடங்கியது.

எங்கே பட்டது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். துள்ளும்போது அது திரும்பிவிட்டது. நெஞ்சிலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். வில் கையிலிருந்து நழுவி இலைகளில் கிடந்தது. வருஷம் முழுக்க அதைத் தவிர வேறு பேச்சில்லாத மனிதர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மான் போன பக்கம் ஒரு புதர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. எழுந்து நின்றது நான்தான். கொஞ்சம் தூரம் போய் ரத்தம் இருக்கிறதா என்றாவது பார்க்கலாமே என்றேன். எனக்கே தாங்கவில்லை.

லைலும் பாதி எழுந்துவிட்டார். முழங்கால் வாளியைத் தட்டி அது உருண்டது. அவர் உதடு வெளுத்திருந்தது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியது. பல்லால் கடித்து இழுக்கக் குனிந்து பார்த்தார், எட்டவில்லை. கத்தியை எடுத்து அறுத்தார். இரண்டு பூட்ஸையும் கழற்றி என் மடியில் போட்டார்.

"மத்தியானம் வரைக்கும் நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

வெறும் காலுறையோடு இருந்த பாதங்களைத் தொடைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் தன் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார்.